ஃபைல் போய்ச் சேர்ந்தது, அர்த்தம் போய்ச் சேர்ந்ததா?

"எல்லா டேட்டாவையும் எக்ஸ்எம்எல்லில் போட்டுவிட்டோம். இனிமேல் எந்தக் கம்ப்யூட்டரும் எந்தக் கம்ப்யூட்டரோடும் பேசும்" என்று ரொம்ப வருடங்களாக ஒரு ஜல்லி அடிக்கப்பட்டு வருகிறது. எக்ஸ்எம்எல் போய் ஜேசன் வந்தது, அப்புறம் ஏபிஐ வந்தது. ஜல்லி மட்டும் அதேதான். பேசுவது என்றால் சத்தம் காதில் விழுவதா, சொன்னது புரிவதா? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் தியரி சார்" என்று அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடுவார்கள்.

தியரியாமே! 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் போன இடத்தில் தொலைந்தது. லாக்ஹீட் மார்ட்டின் எழுதிய தரைக் கட்டுப்பாட்டு சாஃப்ட்வேர், உந்துவிசைக் கணக்கை பவுண்டு அளவில் அனுப்பியது. வாங்கிய நாசாக்காரர்கள் அதை நியூட்டன் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. விண்கலம் தாழப் போய்விட்டது, அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, ஃபைல் போய்ச் சேர்ந்தது. மெட்ரிக்கில்தான் தர வேண்டும் என்று விவரக்குறிப்பில் எழுதியும் இருந்தது. எழுதி வைத்ததும் வந்த எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை.

ராக்கெட் சமாச்சாரம் பி.காம் ஆசாமிகளுக்கு எதற்கு என்று தோன்றலாம். சரி, பாஸ்புக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் 5000 ரூபாய் கிரெடிட் என்று வங்கி அச்சடித்துத் தருகிறது. அதே 5000 வாடிக்கையாளரின் சொந்தக் கேஷ்புக்கில் டெபிட் பக்கம் உட்கார்ந்திருக்கும். இரண்டும் சரி. யாருடைய புத்தகம் என்று தெரியாமல் "கிரெடிட்" என்ற சொல்லை மட்டும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் அது டேட்டா இல்லை, வதந்தி. விற்பனை என்றால் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? வாடிக்கையாளர் என்றால் பெயர் பதிந்துவிட்டுப் போனவரா, பணம் கொடுத்தவரா? மார்க்கெட்டிங்காரர் ஒரு கணக்கு சொல்வார், அக்கவுண்ட்ஸ்காரர் ஒரு கணக்கு சொல்வார். இரண்டு பேரும் அரிச்சந்திரன்கள்தான்.

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் மஞ்சள் கடிதாசி கொடுத்தபோது, அதனிடம் யாருக்கு எவ்வளவு சிக்கியிருக்கிறது என்று உடனே சொல்ல ஆளில்லை. டேட்டாபேஸ் இல்லாமலா? உலகத்திலேயே காஸ்ட்லியான டேட்டாபேஸ்கள் அவர்களிடம்தான் இருந்தன. ஆனால் லேமன் என்பது ஒரு கம்பெனி இல்லை, ஆயிரக்கணக்கான கம்பெனிகள். ஒவ்வொரு வங்கியின் சிஸ்டத்திலும் ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு நம்பர். அதற்கப்புறம்தான் புத்தி வந்து, 2012-ல் எல்இஐ என்ற 20 எழுத்து அடையாள எண்ணைத் தரமாக்கினார்கள். இங்கே ரிசர்வ் வங்கி 2017 முதல் பெரிய கடன்காரர்களிடம் படிப்படியாக அதைக் கேட்க ஆரம்பித்தது. "இதுவும் அதுவும் ஒரே ஆசாமி" என்று சொல்ல ஒரு எண். இதற்கு ஒரு உலகப் பொருளாதார நெருக்கடி தேவைப்பட்டது!

எக்ஸ்பிஆர்எல் கதை இன்னும் சுவாரசியம். 1998-ல் அதைத் தொடங்கி வைத்த சார்லஸ் ஹாஃப்மேன் கம்ப்யூட்டர்காரர் இல்லை, அக்கவுண்டன்ட். நிதி அறிக்கையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் "இது இன்னது, இந்தத் தேதிக்கு, இந்தப் பணத்தில்" என்று சீட்டு ஒட்ட வேண்டும் என்பது யோசனை. அமெரிக்காவில் 2009-லும், இந்தியாவில் 2010-11 நிதியாண்டுக் கணக்குகளுக்கும் கட்டாயமானது. அங்கே கம்பெனிகள் சொந்தமாகவும் சீட்டு தயாரித்துக்கொள்ளலாம். விளைவு, ஆளுக்கொரு சொல், ஒப்பிட்டுப் பார்ப்பது திண்டாட்டம். இங்கே கம்பெனி விவகார அமைச்சகம் அதை அனுமதிக்கவில்லை. விளைவு, பொருந்தாதது எல்லாம் "இதர" என்ற மூட்டைக்குள். இரண்டில் இரண்டாவது பரவாயில்லை. மூட்டை என்றாவது தெரிகிறதே.

ஆனால் உண்மையான கொடுமை சீட்டு ஒட்டுவது யார் என்பதில் இருக்கிறது. ஆடிட் முடிந்து, கையெழுத்தாகி, அச்சுக்கும் போன பிறகு, "கன்வெர்ட் பண்ணிக் கொடுங்க" என்று யாரோ ஒரு வெளியாளிடம் தள்ளிவிடும் பழக்கம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணின் அர்த்தம் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். தெரியாதவர் அர்த்தம் எழுதுகிறார். அதை நம்பி இன்னொருவர் பங்கு வாங்குகிறார், மற்றொருவர் கடன் கொடுக்கிறார். அர்த்தம் எழுதுவதை டைப்பிங் வேலை என்று நினைத்தால் இப்படித்தான்.

மேல்மட்டத்தில் இந்தக் கூத்து என்றால், கீழே மாட்டிக்கொள்பவர்களைப் பாருங்கள். பான் கார்டுக்கான 49ஏ படிவம் பல வருடங்களாக "கடைசிப் பெயர் அல்லது குடும்பப் பெயர்" கேட்டது. இனிஷியல் கூடாது. தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? சுப்பையா மகன் முத்துக்குமார் என்ன செய்வார்? அப்பா பெயரைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போடுவார். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்தாக சுப்பையாவின் "எஸ்" வந்து உட்காரும். ஆதாரில் அவரே "எஸ். முத்துக்குமார்". இரண்டையும் இணைக்கப் போனால் கம்ப்யூட்டருக்கு இவர் இரண்டு ஆள். விமான டிக்கெட்டில் "மிஸ்டர் சுப்பையா" என்று அப்பாவைக் கூப்பிடுவார்கள் :-) கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண்ணின் பாடு இன்னும் மோசம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நிற்கிறார்கள், அந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்காதவர் செய்த தப்புக்கு. "உங்க பேர்ல மிஸ்டேக் இருக்கும்மா" என்று வேறு சொல்வார்கள். பெயரில் என்ன மிஸ்டேக்? படிவத்தில்தான் மிஸ்டேக்.

இப்போது புது ஜல்லி, "ஏஐ எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும்." ஒரு பத்தியில் 250 என்று மட்டும் இருக்கிறது. லட்சமா கோடியா என்று எங்கேயும் எழுதவில்லை. ஏஐ ஊகிக்கும், நன்றாகவே ஊகிக்கும். ஊகத்தை லெட்ஜரில் போஸ்டிங் போட எந்த ஆடிட்டர் சம்மதிப்பார்?

உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அர்த்தம் எழுத முடியாது என்பது நியாயமான ஆட்சேபம்தான். 2001-ல் டிம் பெர்னர்ஸ்-லீயும் நண்பர்களும் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் சொன்ன செமான்டிக் வெப் கனவு அப்படியே பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். சீட்டு ஒட்ட யாருக்கு நேரம்? ஆனால் இரண்டு அலுவலகங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் ஃபைலில் முப்பது நாற்பது பத்திகள் இருக்குமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், அலகு, எந்தத் தேதி நிலவரம், யார் பார்வையில், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. இவ்வளவுதான். இதை எழுத வேண்டியவர் ப்ரோக்ராமர் இல்லை, அந்த எண்ணை உருவாக்கும் கணக்காளர். அரை நாள் வேலை. அதற்கு நேரமில்லை என்று சொல்லும் அலுவலகங்களில்தான், மார்ச் கடைசியில் நாலு பேர் உட்கார்ந்து, இந்த ரிப்போர்ட்டில் ஒரு விற்பனை, அந்த ரிப்போர்ட்டில் ஒரு விற்பனை ஏன் வருகிறது என்று ராத்திரி பதினோரு மணி வரை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.