பாதி மீனும் பாதிப் பொறுப்பும்

1945 டிசம்பரில் ஓர் இரவு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், நிஸ்குவாலி ஆற்றில் வலை எடுத்துக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுவனை மீன்வளக் காவலர்கள் கைவிளக்கோடு வந்து பிடித்தார்கள். நிஸ்குவாலி பூர்வகுடியைச் சேர்ந்த அந்தச் சிறுவனின் பெயர் பில்லி ஃபிராங்க் ஜூனியர். முன்னோர் மீன் பிடித்த அதே ஆற்றில் சால்மன் பிடித்ததற்காக, பின்னர் அவர் 50 முறைக்கு மேல் கைதானார். 2014இல் அவர் காலமானபோதோ, அந்த மாநிலத்தின் மீன்வள மேலாண்மை வரலாற்றை அவர் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது என்ற நிலை வந்திருந்தது.

இந்தக் கதையை மீனவர் பக்கம் நின்று சொல்வதே வழக்கம். இந்த இதழைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் கைவிளக்கோடு கரையில் நின்ற அதிகாரியின் இடத்தில் இருப்பவர்கள்: மீன்வள அலுவலர்கள், ஆய்வாளர்கள், விரிவாக்கப் பணியாளர்கள். அந்த இடத்தில் நின்று இதைப் படித்தால் நமக்கு வேறு பாடம் கிடைக்கும்.

1854 டிசம்பர் 26 அன்று மெடிசின் கிரீக் என்ற ஓடையருகே, ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் நிஸ்குவாலி உள்ளிட்ட பூர்வகுடிகளோடு ஓர் உடன்படிக்கை செய்தார். குடிகள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில், குடியேறிகளோடு பொதுவாக, தொடர்ந்து மீன் பிடிக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார்கள். நிலத்தைவிட மீன் அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்பதை அந்தக் கணக்கே சொல்லும்.

பிறகு டப்பா மீன் ஆலைகள் வந்தன. கடலில் பெரிய படகுகள் பெருகின. சால்மன் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிடும் மீன். கடலில் இருக்கும்வரை பல ஆறுகளின் மீன்கள் ஒன்றாகக் கலந்தே திரியும். அங்கே விரிக்கும் வலைக்கு எந்த மீன் எந்த ஆற்றினுடையது என்று தெரியாது. நலிந்த ஆற்றின் மீனும் செழித்த ஆற்றின் மீனும் ஒரே வலையில் ஏறும். ஆற்றுக்குள் விரிக்கும் வலை அப்படியில்லை. அது ஒரே ஆற்றின் மீனை, அதன் வரத்தைக் கண்ணால் பார்த்தபடி எடுக்கும் வலை. ஆனாலும் தாய்மீன் குறைந்துவிட்டது என்று மாநிலம் கணக்கிட்ட போதெல்லாம் தடை விழுந்தது ஆற்று வலையின் மீதுதான். கடலில் எடுத்தவர் எடுத்துப் போனபின், வரிசையில் கடைசியாக நின்றவரிடம் பாதுகாப்பின் பெயரால் பங்கு பறிக்கப்பட்டது.

அந்தக் கரையோரக் குடிகள் பலவற்றில், பருவத்தின் முதல் சால்மனை ஊரே பகிர்ந்து உண்டு, அதன் எலும்பை ஆற்றுக்கே திருப்பித் தரும் சடங்கு உண்டு. ஆற்றின் குறுக்கே அடைப்புக் கட்டி மீன் பிடித்தவர்கள், மேலே போக வேண்டிய மீனுக்காக அடைப்பைத் திறந்துவிட்டார்கள். முட்டையிடப் போதுமான மீன் மேலேறிய பிறகே அறுவடை என்று நம் பாடநூல்கள் சொல்லும் விதியை அவர்கள் வழக்கமாகவே வைத்திருந்தார்கள். அந்த வழக்கத்தை உடையவர்களைத்தான் வளத்தை அழிப்பவர்கள் என்று துறை வழக்குப் பதிந்தது.

இந்த உடன்படிக்கை மீன் உரிமை பற்றிய வழக்கில், 1974 பிப்ரவரி 12 அன்று கூட்டாட்சி நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். இனப்பெருக்கத்துக்கு வேண்டிய மீனை விட்டுவைத்தபின் மிஞ்சுவதில் 50 விழுக்காடுவரை எடுக்க உடன்படிக்கைக் குடிகளுக்கு உரிமை உண்டு என்றார். 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் சாரத்தை உறுதிசெய்தது. வெளியுலகம் நினைவில் வைத்திருப்பது இந்தப் பாதியைத்தான். நம் துறைக்கு முக்கியமானது அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி. தகுதியை நிறுவும் குடிகள் தங்கள் மீனவர்களைத் தாங்களே ஒழுங்குபடுத்தலாம் என்றும் போல்ட் சொன்னார். யாகமா, கினால்ட் ஆகிய இரு குடிகள் அந்தத் தகுதியை ஏற்கெனவே பெற்றிருப்பதாகத் தீர்ப்பே ஏற்றுக்கொண்டது.

அதன்பின் நடந்தது மேலாண்மைப் பணி. அதே 1974இல் வடமேற்கு இந்தியர் மீன்வள ஆணையம் உருவானது. இன்று அதில் 20 குடிகள் உறுப்பினர்கள். பில்லி ஃபிராங்க் 30 ஆண்டுகளுக்கு மேல் அதன் தலைவராக இருந்தார். குடிகள் தங்களுக்கென மீன் உயிரியலாளர்களை அமர்த்தின. குஞ்சு பொரிப்பகங்களை நடத்தின. மீன்பாட்டைப் பதிவுசெய்து, தங்கள் மீனவர் மீது தாங்களே விதிகளை நடைமுறைப்படுத்தின. இன்று ஒவ்வொரு வசந்தத்திலும் மாநில அலுவலர்களும் குடிகளின் மேலாளர்களும் எதிரெதிரே உட்கார்ந்து, அந்த ஆண்டின் பருவங்களையும் அளவுகளையும் பேசி முடிக்கிறார்கள். 1985இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட பசிபிக் சால்மன் ஒப்பந்தத்தின் ஆணையத்திலும் குடிகளுக்கு இடம் உண்டு.

மரபறிவைப் பற்றி இந்த இதழ் சொல்ல விரும்புவது இதுதான்: அறிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அறிந்தவரை வெளியே நிறுத்தினால் அந்த அறிவு நிற்காது. எந்த மழைக்குப் பின் மீன் ஏறும், எந்த மடுவில் தங்கும், எந்த ஆண்டு மெலிந்து வரும் என்பதெல்லாம் ஆண்டுதோறும் வலை போடும் கையில் இருக்கும் அறிவு. வலைக்குத் தடை போட்டுவிட்டு அறிவை ஆவணப்படுத்தினால் நம்மிடம் மிஞ்சுவது ஒரு பழங்கால வரைபடம் மட்டுமே. ஆறு அதற்குள் தடம் மாறியிருக்கும்.

உரிமை கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். மீன் குறைந்துகொண்டே போனால் பாதிப் பங்குக்கும் பொருளில்லை. எனவே குடிகள் வாழிடத்தின் பக்கம் திரும்பின. மாநிலச் சாலைகளுக்கு அடியில் கட்டிய சிறுபாலக் குழாய்கள் சால்மன் ஏறும் வழியை அடைக்கின்றன என்று 2001இல் வழக்குத் தொடர்ந்தன. அடைபட்ட வாழிடத்தின் 90 விழுக்காட்டை 2030க்குள் திறக்க வேண்டும் என 2013இல் ஆணை வந்தது. 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் அந்த ஆணை நிலைத்தது. எல்வா ஆற்றில் 1913லும் 1927லும் எழுந்த இரு அணைகளில் மீன் ஏற வழியே விடப்படவில்லை. லோயர் எல்வா கிளாலம் குடி பல பத்தாண்டுகள் போராடிய பிறகு, 2011க்கும் 2014க்கும் இடையே இரண்டும் அகற்றப்பட்டன. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்வழி மீனுக்குத் திறந்தது. 2023இல் அந்தக் குடியினர் தடையின்றி ஓடும் ஆற்றில் சடங்குக்கும் உணவுக்குமாகக் கோஹோ சால்மன் பிடித்தார்கள். பில்லி ஃபிராங்கின் நிஸ்குவாலிக் கழிமுகத்தில் 2009இல் பழைய கரைத்தடுப்பு உடைக்கப்பட்டு, மேய்ச்சல் நிலமாக இருந்த சதுப்பில் மீண்டும் ஓதம் ஏறியது.

இன்னொரு குறையும் உண்டு. அரசின் அங்கீகாரம் பெறாத டுவாமிஷ் போன்ற குடிகளுக்கு 1979இல் உடன்படிக்கை மீன் உரிமை மறுக்கப்பட்டது. மரபு யாருடையது, அதன் பெயரில் பேசுபவர் யார் என்ற கேள்வி எந்த ஏற்பாட்டிலும் முதலில் எழ வேண்டியது.

அந்தக் கேள்வி நம் கரையிலும் இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை உண்டு. இறால் படும் நல்ல இடங்களில் இன்று யார் வலை கட்டுவது என்பதைக் குப்பங்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. சண்டையைத் தவிர்த்து, ஒரே இடத்தில் வலை குவியாமல் காக்கும் அருமையான ஏற்பாடு இது. ஆனால் அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் அந்த முறைக்கு வெளியே நிற்கிறார்கள். மேலும், எந்த நாள் யாருக்கு என்பதைக் குப்பம் தீர்மானிக்கலாம்; முகத்துவாரம் மணலடைத்துக் கிடந்தால் என்ன செய்வது என்பதைக் குப்பம் மட்டும் தீர்மானிக்க முடியாது. தண்ணீர் பற்றிய முடிவு வேறு அலுவலகங்களில் எடுக்கப்படும்வரை, மீன் பற்றிய மரபு எவ்வளவு சிறந்ததானாலும் பாதி உயிரோடுதான் இருக்கும்.

எனவே நம் துறையினரிடம் சில வேண்டுகோள்கள். திட்ட வரைவு முடிந்தபின் கருத்துக் கேட்புக்கு அழைப்பதை விடுத்து, வரைவு தொடங்கும் நாளிலேயே மீனவர்களை உட்கார வையுங்கள். கண்ணளவு, தடைக்காலம், இருப்பு செய்யும் குஞ்சு ஆகியவை பற்றிய முடிவுகளில் அவர்கள் சொன்னது எது ஏற்கப்பட்டது, எது ஏன் ஏற்கப்படவில்லை என்பதை எழுத்தில் தாருங்கள். அவர்கள் அறிவைப் பதிவுசெய்தால் அவர்கள் ஒப்புதலோடு செய்யுங்கள். பதிவை முதலில் அவர்களுக்கே திருப்பிக் கொடுங்கள். மீனவர் அமைப்புகள் தங்களுக்கென உயிரியலாளர்களை அமர்த்திக்கொள்ள நிதி ஒதுக்குங்கள். சொந்தக் கணக்கு இல்லாதவர் துறையின் கணக்கை மறுத்துப் பேச முடியாது. முகத்துவாரம், கழிமுகம், அணைநீர் பற்றிய கூட்டங்களில் அவர்களுக்கு இடம் கேளுங்கள். அந்தக் கூட்டங்களில் நமக்கே இடம் இல்லையென்றால் இருவருக்குமாகச் சேர்த்துக் கேட்போம்.

1945இல் அந்த ஆற்றங்கரையில் நின்ற காவலரிடம் விளக்கு இருந்தது, சட்டம் இருந்தது. இந்தக் குளிரில் எத்தனை மீன் மேலேறியது, போன ஆண்டைவிடக் கூடுதலா குறைவா என்று அந்தச் சிறுவனிடம் அவர் கேட்டிருக்கலாம். அவன் குடும்பம் தலைமுறைகளாக அந்த ஆற்றைப் பார்த்து வந்தது. அந்தக் கேள்வி மேலாண்மை மேசைக்கு வந்து சேர 29 ஆண்டுகளும் ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டன. நம் கரைகளில் அதை நாளைக் காலையிலேயே, வலை இழுத்து முடிக்கும் நேரத்தில் கேட்கலாம்.

— ஆசிரியர்