படிப்புக்கு மட்டும் ஏன் வயது பார்க்கிறோம்?

ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவர் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனால், "உனக்கு வயசாயிருச்சு" என்று பெரட்டுக்களத்தில் யாரும் தடுப்பதில்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் முப்பத்தைந்து வயதில் ஒரு முன்பள்ளி ஆசிரியை பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தால், "இந்த வயசுல என்ன படிப்பு? பிள்ளையப் படிக்க வை" என்று லயமே பேசுகிறது. ஆண்களை விடப் பெண்களுக்கே இந்தப் பேச்சு அதிகம்.

பல்கலைக்கழகம் அப்படிக் கேட்பதில்லை. 1980இல் தொடங்கப்பட்ட இலங்கை திறந்த பல்கலைக்கழகத்தில் சேர 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் எல்லை கிடையாது. உயர்தரம் சித்தியடையாதவர்களும் அடித்தளக் கற்கைநெறியை முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போகலாம். தொழிலை விடாமல் படிப்பவர்களுக்காகவே அமைந்த வழி இது.

நம்மவர்கள் பிந்தி வருவது சோம்பலால் அல்ல. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். இன்றும் பல தோட்டப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பு இல்லை. குடும்பக் கஷ்டத்தால் பதினாறு வயதில் கொழும்புக் கடைக்குப் போன பையனுக்கு, படிக்கும் வசதி முப்பதில்தான் கிடைக்கிறது.

"படித்து முடிக்கும்போது நாற்பதாகிவிடுமே, பிறகு என்ன பயன்?" என்பார்கள். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. நாற்பதில் பட்டம் பெறுபவருக்கு முன்னால் இன்னும் இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது.

உண்மையான வயதுத் தடை வேறு இடத்தில் இருக்கிறது. அரச ஆட்சேர்ப்பு வர்த்தமானிகளில் வயதெல்லை போடுகிறார்கள். பிந்திப் படித்தவர் பட்டத்தோடு வாசலுக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. எனவே ஆசிரியர் வேலையையோ வேறு அரச பதவியையோ எண்ணிப் படிக்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பதவிக்கான வயதெல்லையைக் கட்டாயம் பாருங்கள்.

தொழிற்சங்கம் செய்ய வேண்டியது மூன்று. பரீட்சை நாளில் பேர் வெட்டாத விடுமுறையைத் தோட்ட நிர்வாகங்களிடம் கேட்க வேண்டும். தொழில் செய்துகொண்டே பட்டம் பெற்ற தோட்டப்புறத்தவர்களுக்கு ஆட்சேர்ப்பு வயதெல்லையைத் தளர்த்துமாறு அரசிடம் கோர வேண்டும். மாலை வேளைகளில் சங்கக் காரியாலயத்தில் ஓர் அறையை, மின்விளக்கோடு, படிப்பவர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

மூன்றாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தோட்டக் கமிட்டித் தலைவர்களே, தலைவிகளே, அடுத்த கூட்டத்தில் அதை முடிவு செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் படிக்க விரும்பும் அக்காமார், அண்ணன்மாரின் பெயர்களையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.