பார்த்தவர் எத்தனை? வாங்கியவர் எத்தனை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் சிறு தொழிற்சாலைகள் பல உண்டு. சரக்கு செய்வதில் கெட்டிக்காரர்கள். அதை விற்க இப்போது செல்போனிலும் விளம்பரம் செய்கிறார்கள்.

இந்த விளம்பரத்தில் ஒரு வசதி. எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊரில் பார்த்தார்கள், எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்ற கணக்கு உடனே கைக்கு வந்துவிடும். கூகுள் நிறுவனம் 2005-ம் ஆண்டிலேயே இப்படிக் கணக்கு எடுக்கும் கருவியை இலவசமாகக் கொடுத்தது.

கணக்கைப் பார்த்து விளம்பரத்தை மாற்றினால் பலன் உண்டா?

உண்டு!

அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கு ஒபாமா ஆதரவு திரட்டிய நேரம். 2007 டிசம்பரில் அவருடைய இணையதள முகப்பை 24 விதமாக மாற்றிச் சோதித்தார்கள். ஊழியர்களுக்குப் பிடித்தது, வீடியோ. என்ன ஆயிற்று தெரியுமா? வீடியோ தோற்றது. ஒபாமாவின் குடும்பப் படம் வென்றது! முன்பு 100-க்கு 8 பேர் பெயர் கொடுத்தார்கள். பிறகு 11 பேருக்கு மேல் கொடுத்தார்கள்.

சிறு தொழிலுக்கும் இதே வழிதான். முதலில் இரண்டு விளம்பரங்களைக் குறைந்த செலவில் விட்டுப் பார்க்க வேண்டும். விலை கேட்டு ஆள் வருவதை வைத்துக்கொண்டு, மற்றதை நிறுத்த வேண்டும். ஒன்றுக்கு 3 பேர், மற்றதற்கு 2 பேர் வந்தால் அவசரப்படக் கூடாது. இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று மகிழ்வது வீண். விளம்பரப் பணமும், தொழிலாளியின் சம்பளமும் ஒரே கல்லாவில் இருந்துதான் போகின்றன. வேடிக்கை பார்ப்பவரால் அந்தக் கல்லா நிறையாது!