யாரிடம் சொல்வாள்?

காஞ்சிபுரத்தில் தறி ஓட்டும் குடும்பத்துப் பெண்களும் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். சிலருக்குச் சீருடை அணிந்து நாட்டுக்கு உழைக்க ஆசை. அதற்கு வழியும் இருக்கிறது. சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992-ம் ஆண்டு முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். 2022-ல் தேசிய பாதுகாப்பு அகாடமியின் கதவும் அவர்களுக்குத் திறந்தது.

மகிழ்ச்சிதான். ஆனால் பெற்றோர் மனத்தில் ஒரு கேள்வி எழும். நாட்டைக் காக்கப் போன பெண்ணுக்கு, படைக்குள்ளேயே ஒருவன் தீங்கு செய்தால் அவள் யாரிடம் சொல்வாள்?

கோவையில் நடந்தது

2021 செப்டம்பரில், கோவை விமானப் படை நிர்வாகக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வந்த பெண் அதிகாரி ஒருவர், சக அதிகாரி தம்மைப் பலாத்காரம் செய்ததாகப் புகார் கூறினார். முதலில் மேலதிகாரிகளிடம்தான் சொன்னார். புகாரை வாபஸ் வாங்கும்படி வற்புறுத்தினார்கள் என்றும், செய்யக் கூடாத 'இரு விரல் சோதனை'யைச் செய்தார்கள் என்றும் அவர் தெரிவித்தார். அந்தச் சோதனை நடக்கவில்லை என்று விமானப் படைத் தளபதி மறுத்தார்.

செப்டம்பர் 20-ந் தேதி அந்தப் பெண் கோவை போலீசாரிடம் போனார். சில நாட்களில் அதிகாரி கைதானார். மாத முடிவிலேயே வழக்கு விமானப் படையின் கைக்குப் போய்விட்டது.

சட்டம் அப்படி. படையினர் ஒருவர் வெளியாளைப் பலாத்காரம் செய்தால், சாதாரண காலத்தில் ஊர்க் கோர்ட்டுதான் விசாரிக்கும். பாதிக்கப்பட்டவரும் படையைச் சேர்ந்தவரானால் ராணுவ கோர்ட்டும் விசாரிக்கலாம். அங்கே தீர்ப்புச் சொல்கிறவர்கள் அதே படையின் அதிகாரிகள்.

ராணுவ கோர்ட்டில் நியாயமே கிடைக்காது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். லீவு, இட மாற்றம், பதவி உயர்வு எல்லாம் மேலதிகாரி கையில். தீங்கு செய்தவனும் அதே முகாமில் இருக்கிறான். 'படையின் பெயர் கெடுமே' என்று நாலு பேர் சொன்னால், அவள் வாய் அடைத்துப் போகாதா?

அமெரிக்காவின் பாடம்

2021-ல் ஏறக்குறைய 36,000 படையினர் பாலியல் தீங்குக்கு ஆளானதாக அமெரிக்க ராணுவ இலாகாவே மதிப்பிட்டது. ஐந்தில் ஒருவர்தான் புகார் செய்தார்.

2020-ல் வனெசா கியென் என்ற 20 வயது வீராங்கனை, முகாமில் சக வீரன் ஒருவனால் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே வேறொரு மேலாளர் அவருக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார். அதைச் சொல்லியும் பலனில்லை. ராணுவ விசாரணையிலேயே இது தெரிய வந்தது. நாடு கொதித்தது. சட்டம் மாறியது. 2023 டிசம்பர் முதல், இத்தகைய வழக்கைத் தொடர்வதா என்று முடிவு செய்வது தளபதி அல்ல, தனி வழக்கறிஞர்.

இங்கும் அது வர வேண்டும். புகாரை வாங்குகிறவர், அந்தப் பெண்ணின் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. எத்தனை புகார் வந்தது, எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

பாவு இழை அறுந்தால் நம் ஊர் நெசவாளி தறியை நிறுத்தி முடிச்சுப் போடுகிறார். கவனிக்காமல் நெய்தால் புடவை நெடுகக் கோடு விழும். இழை அறுந்ததைச் சொல்வது தறிக்கு அவமானமா?

வீட்டில் தொடங்குவோம்

படையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவிகிதத்தினரே உதவி நாடினார்கள் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. மற்றவர்களின் வாயை அடைப்பதில் நம் வீடுகளுக்கும் பங்கு உண்டு.

பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் தறிக்கூடத்துப் பெண்ணுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. பாலியல் தொல்லை நேர்ந்தால், 3 மாதத்துக்குள் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். பலாத்காரத்துக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது குற்றம். ஆகவே ஊர் சிரிக்கும் என்று அஞ்ச வேண்டாம்.

பெற்றோரே! உங்கள் மகள் எந்த வேலைக்குப் போனாலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: "எது நடந்தாலும் எங்களிடம் சொல். உன்மேல் குற்றம் சொல்ல மாட்டோம்."