விஞ்ஞானத் திண்ணை: எட்டிய உயரமும் எட்டாத வேகமும்

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் தமிழ் பயிலும் சிறுமி ஒருத்தி சென்ற மாதம் நம்மிடம் ஒரு வினா விடுத்தாள். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு ராக்கெட்டைப் பற்றி அவள் எங்கோ படித்திருக்கிறாள். "ராக்கெட் 356 கிலோமீட்டர் உயரம் போய்விட்டது என்கிறார்கள், செயற்கைக் கோளும் கழன்றுவிட்டது என்கிறார்கள், பிறகு ஏன் மாமா அது கீழே விழுந்தது?" என்பது அவள் வினா. அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "புவியீர்ப்பு இல்லாத இடத்திற்கு அது போய்ச் சேரவில்லை, அம்மா" என்று விடை பகர்ந்தார். நல்லெண்ணத்தோடு சொன்ன விடைதான். ஆயினும் பிழையான விடை. நம்முள் பலர் இப்பிழையை நெடுங்காலமாகச் சுமந்து வருகிறோம். ஆதலின் இம்மாதத் திண்ணையை இவ்வொரு வினாவிற்கே ஒதுக்கினோம்.

முதலில் உயரத்தை எடுத்துக் கொள்வோம். மும்பையிலிருந்து சோலாப்பூர் வரை செல்லும் இருப்புப் பாதையை மேல் நோக்கி நிமிர்த்தி நிறுத்தினால் அது 356 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அவ்வளவு தூரமே. பூமியின் நடுவிலிருந்து மேற்பரப்புக்கு ஏறக்குறைய 6,400 கிலோமீட்டர் இருக்க, அதனோடு இன்னும் 356-ஐக் கூட்டுவதால் ஈர்ப்பு எங்ஙனம் மறையும்? தரையில் உள்ள ஈர்ப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அங்கும் உண்டு. அவ்வுயரத்தில் ஒரு பொருளைச் சும்மா விட்டுவிட்டால் அது மாங்காய் போல் நேரே கீழே விழும்.

அங்ஙனமாயின் செயற்கைக் கோள்கள் ஏன் விழுவதில்லை? உண்மையில் அவை ஒவ்வொரு கணமும் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. நியூட்டன் மறைந்த மறு ஆண்டு, 1728-இல், வெளியான அவருடைய நூலொன்றில் இதற்கு ஓர் அழகிய விளக்கம் உண்டு. மிக உயர்ந்த மலையுச்சியில் ஒரு பீரங்கியை வைத்துக் கிடையாகக் குண்டு சுடுவதாகக் கொள்வோம். மெல்லச் சுட்டால் குண்டு அருகில் விழும். விசையைக் கூட்டினால் தொலைவில் விழும். எந்தப் பொருளும் விழத் தொடங்கிய முதல் ஒரு வினாடியில் சுமார் 4.9 மீட்டர் கீழிறங்கும். பூமியோ உருண்டையானது, கிடையாக ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சென்றால் அதன் பரப்பும் அதே 4.9 மீட்டர் தாழ்ந்து விடுகிறது. ஆகவே குண்டு ஒரு வினாடிக்கு 8 கிலோமீட்டர் அளவு விரையுமாயின், அது எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தரையும் விலகிக் கொடுக்கும். குண்டு விழுந்துகொண்டே இருக்கும். தரை அதற்கு அகப்படாது. காற்றின் தடை மட்டும் இல்லையெனில் அது பூமியைச் சுற்றி வந்து பீரங்கியின் பின்புறத்திலேயே வந்து மோதும்!

356 கிலோமீட்டர் உயரத்தில் இதற்கு வேண்டிய வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர், மணிக்குக் கணக்கிட்டால் 27,000 கிலோமீட்டருக்கும் மேல். உயரம் என்பது காற்றின் தடையிலிருந்து தப்புவதற்கு மட்டுமே. கோளை வானில் தாங்குவது பக்கவாட்டு வேகம். ராக்கெட் செங்குத்தாக எழுவதை மட்டும் தொலைக்காட்சியில் கண்டு மகிழ்கிற நாம் இதைக் கவனிப்பதில்லை. அடர்ந்த காற்று மண்டலத்தை விரைவில் கடப்பதற்காகவே அது முதலில் நிமிர்ந்து செல்கிறது. சற்று நேரத்தில் மெல்லச் சாயத் தொடங்கி, பின் தன் எரிபொருளின் பெரும் பகுதியைப் பக்கவாட்டில் விரையவே செலவிடுகிறது.

இவ்வேகம் எதிலிருந்து பிறக்கிறது? பரிசலிலிருந்து கரைக்குத் தாவியவர்கள் அறிவர்: நாம் முன்னே பாய, பரிசல் பின்னே நழுவும். ராக்கெட் கொதிக்கும் வாயுவைப் பின்னே எறிகிறது. அவ்வெறிதலின் எதிர்விளைவாகத் தான் முன்னே செல்கிறது. பின்னால் உள்ள காற்றை உதைத்துக்கொண்டு அது முன்னேறுகிறது என்பது தவறு. இத்தவற்றைச் செய்தவர்கள் சாமானியர்கள் மட்டுமல்லர். காற்றற்ற வெளியில் ராக்கெட் இயங்காது என்று கூறி, அமெரிக்க அறிஞர் காடர்டை 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை 1920-இல் தலையங்கம் எழுதிக் கேலி செய்தது. 1969 ஜூலையில், மூவர் சந்திரனை நோக்கிப் புறப்பட்ட மறுநாள், அதே பத்திரிகை தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்தது. நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்தேனும் தெரிவித்ததே, அதுவரை நன்று.

இனி எரிபொருளின் கணக்கு. ருஷ்ய நாட்டுப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட கணக்கு இது. வாயு வெளிப்படும் வேகத்திற்குச் சமமான வேகத்தை ராக்கெட் அடைய வேண்டுமானால், புறப்படும் எடை இறுதி எடையைப்போல் 2.7 மடங்கு இருத்தல் வேண்டும். அதைப்போல் இரு மடங்கு வேகம் வேண்டின் எடை 7 மடங்கிற்கும் மேல். மும்மடங்கு வேண்டின் 20 மடங்கு. வட்டிக்கு வட்டி போல் ஏறும் கணக்கு! திட எரிபொருளின் வாயு வினாடிக்கு இரண்டரை கிலோமீட்டர் அளவில்தான் வெளிப்படும். 7.7 கிலோமீட்டரை ஒரே கூட்டினால் எட்டுவது ஆகாத காரியம். எரிபொருளைச் சுமக்கும் கூட்டின் எடையே அதைக் கீழே இழுத்துவிடும்.

இதற்கு வழி யாது? நம் அன்பர்களுள் சென்னை வண்டியில் ஊருக்குச் செல்வோர் கர்ஜத் நிலையத்தைக் கண்டிருப்பர். அங்குப் பல வண்டிகளுக்குப் பின்னால் துணை எஞ்சின்களை மாட்டிப் போர் மலைச்சரிவில் தள்ளி ஏற்றுவர். லோனாவளாவில் அவற்றைக் கழற்றி விடுவர். வேலை முடிந்த எஞ்சினை ஊர்வரை இழுத்துச் செல்வாரோ? ராக்கெட்டும் அவ்வாறே. ஓர் அடுக்கு எரிந்து முடிந்ததும் அதன் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இலேசாகி, அடுத்த அடுக்கை மூட்டிக்கொள்கிறது. கழற்றிய எஞ்சின் கர்ஜத்துக்குத் திரும்பி வரும். இந்தக் கூடு கடலில் விழும். வேறுபாடு அவ்வளவே.

எஸ்.எஸ்.எல்.வி. 34 மீட்டர் உயரமும் 120 டன் எடையும் உடையது. அவ்வளவும் சேர்ந்து சுற்றுப்பாதையில் கொண்டு வைப்பது அதிக அளவாக 500 கிலோ! அதன் மூன்று அடுக்குகளும் திட எரிபொருளால் ஆனவை. திட எரிபொருள் தீபாவளி வாணம் போன்றது. பற்றிக்கொண்டால் எரிந்து தீரும் வரை நிறுத்த இயலாது. ஆதலின் இறுதியில் வேகத்தைச் சிறிது கூட்டித் திருத்துவதற்கென்று, குழாயைப் போல் திறக்கவும் மூடவும் கூடிய திரவ எரிபொருள் எந்திரங்களைக் கொண்ட ஒரு சிறு பகுதியும் உச்சியில் உண்டு.

நிற்க. சிறுமியின் வினாவிற்கு வருவோம். 2022-இல் அந்த முதல் ராக்கெட் சுமந்து சென்ற கோள்கள் இரண்டு. அவற்றுள் சிறியது 'ஆசாதிசாட்'. எடை 8 கிலோ. சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா நிறுவனத்தின் வழிகாட்டலில், நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் உருவாக்கிய 75 சிறு கருவிகள் அதனுள் இருந்தன. ஒவ்வொரு கருவியும் ஏறக்குறைய 50 கிராம். ஏவுதலைக் காண அம்மாணவியருள் பலர் ஸ்ரீஹரிகோட்டாவுக்கே வந்திருந்தனர்.

மூன்று அடுக்குகளும் குறையின்றி எரிந்தன. ஆனால் இரண்டாம் அடுக்கு கழன்றபோது எழுந்த அதிர்வு, வேகமாற்றத்தை அளக்கும் கருவிகளைச் சிறிது நேரம் திணற வைத்தது. கருவிகள் பழுதடைந்தன என்று ராக்கெட்டின் கணிப்பொறி முடிவு செய்து, அவற்றை நம்பாமல் முன்னமே எழுதி வைத்த ஆபத்துக்கால வழியில் செல்லத் தொடங்கியது. இருப்புப் பாதையில் சிக்னல் பழுதானால் அது தானே சிவப்புக்குச் செல்லும், வண்டி நிற்கும், காலதாமதத்தோடு போகும் கேடு. ராக்கெட்டுக்கு நிற்க இடமேது? வேகத்தைத் திருத்த வேண்டிய உச்சிப் பகுதி தன் பணியைச் செய்யவில்லை. கோள்கள் கழன்றன, உயரம் 356 கிலோமீட்டர். வேகத்தில் மட்டும் குறை. அதுவும் நூற்றில் ஒரு பங்கு அளவே.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கிய பிள்ளையைத் தோல்வி என்பாருண்டோ? இங்கு உண்டு. அந்தச் சிறு குறையால் வட்டமாக இருக்க வேண்டிய பாதை நீள்வட்டமாயிற்று. பூமியின் எதிர்ப்புறத்தில் அது 76 கிலோமீட்டருக்குத் தாழ்ந்தது. அங்கே காற்று உண்டு. அவ்வளவு வேகத்தில் காற்றில் உரசிய பொருள் தப்புவதில்லை. இரு கோள்களும் அழிந்தன. ஆதலின், சிறுமியே, அது உயரத்தில் தோற்கவில்லை. பக்கவாட்டு ஓட்டத்தில் தோற்றது.

பின்னர் அடுக்கைப் பிரிக்கும் அமைப்பையும், கருவிகள் பழுதா அன்றா என்று தீர்மானிக்கும் கணிப்பொறி விதியையும் மாற்றினார்கள். 2023 பிப்ரவரி 10-ஆம் நாள் இரண்டாம் எஸ்.எஸ்.எல்.வி. மூன்று கோள்களை 450 கிலோமீட்டர் உயரத்துப் பாதையில் சரியாகச் சேர்த்தது. அவற்றுள் ஒன்று, அம்மாணவியரின் 'ஆசாதிசாட்-2'.

இவ்வகைச் சிறு ராக்கெட்டுகளுக்கென்றே தூத்துக்குடி மாவட்டக் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். காரணம் எளிது. துருவங்களின் மேலாகச் சுற்ற வேண்டிய கோளைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே சென்றால் இலங்கை குறுக்கிடும். கடலுக்கு மேலாக வளைந்து போவதில் எரிபொருள் வீணாகும். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே தடையற்ற கடல்.

நாம் இவ்வளவும் சொல்லி முடித்ததும் சிறுமி சற்று யோசித்து, "அப்படியானால் தொலைக்காட்சிக்கான கோள் ஒரே இடத்தில் நிற்கிறதாமே, அது மட்டும் எப்படி மாமா?" என்றாள். அடுத்த மாதத் திண்ணைக்கும் வேலை வந்தது.