தோல் வியாதியும் டப்பாத் தாயத்தும்

தோல் அரிப்பினால் அவதிப்படுகின்றவர்களுக்கு இப்பொழுது ஒரு புதிய மந்திரம் உபதேசிக்கப்படுகின்றது. "உமக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை, குடலில் நல்ல கிருமி குறைந்துவிட்டது, இந்தப் புரோபயாடிக் டப்பாவை வாங்கிச் சாப்பிடும், பரோட்டாவையும் விடவேண்டியதில்லை" என்பதே அம்மந்திரம். தாயத்தைக் கட்டிக்கொண்டு சாக்கடைத் தண்ணீரைக் குடி என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று போத்தனூர் மக்களைக் கேட்கின்றோம்.

கோதுமையால் வரும் தோல் வியாதி ஒன்று உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிபார்மிஸ் என்னும் அதை 1884-லேயே அமெரிக்க வைத்தியர் டூரிங் விவரித்திருக்கிறார். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் கொத்துக்கொத்தாய்க் கொப்புளம் கிளம்பித் தாங்கமுடியாமல் அரிக்கும். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் பசையை முன்னிட்டு உடம்பு தன்னையே எதிர்த்துச் செய்யும் சண்டைதான் காரணம். சீலியாக் என்னும் குடல் வியாதியின் தோல் வடிவமே இது. கொப்புளத்தின் ஓரத்துத் தோலில் சிறு துண்டெடுத்துப் பரீட்சித்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஆனால் நம் பக்கத்தில் இது எத்தனை பேருக்கு? 2016-ல் வெளிவந்த இந்திய ஆராய்ச்சியில் சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் வடக்கே 100-க்கு 1.23 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்குமே காணப்பட்டது. வடக்கே ஒருவர் தினம் தின்ற கோதுமை 455 கிராம். தெற்கே 25 கிராம். அப்படியிருக்க, சொறியா, சிரங்கா, படையா என்று கூடப் பாராமல், சொறிந்துகொண்டு வந்தவர்க்கெல்லாம் டப்பாவை நீட்டுவது வைத்தியமா, வியாபாரமா?

வியாதி உண்மையாகவே இருந்தால் வழியும் உண்டு. கோதுமையை ஆயுள் முழுதும் விடவேண்டும். குஷ்டத்துக்குக் கொடுக்கும் டாப்சோன் மாத்திரை, ரத்தப் பரீட்சைக்குப் பின் வைத்தியர் கொடுத்தால், சில நாட்களில் அரிப்பை அடக்கும். குடலை ஆற்றுவதோ பத்தியம்தான். பரீட்சைக்கு முன்னமே கோதுமையை நிறுத்தினாலோ வியாதி மறைந்து நின்று பரீட்சையை ஏமாற்றிவிடும்.

"சில கிருமிகள் சோதனைச்சாலையில் குளூட்டனைச் சிதைக்கின்றனவே" என்பார்கள். சிதைக்கட்டும். சோதனைக் குழாய் வேறு, வயிறு வேறு. பத்தியத்துக்குப் பதிலாய் இக்கிருமிகளைத் தின்று இத்தோல் வியாதி தீர்ந்ததென்று எந்தப் பரீட்சையும் மெய்ப்பிக்கவில்லை. போதாக்குறைக்கு, 2015-ல் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையார் 22 புரோபயாடிக் சரக்குகளைச் சோதித்ததில் 12-ல் குளூட்டனே இருந்தது. 4-ல் அனுமதித்த அளவுக்கும் மேல்! திருடனிடமே சாவியைக் கொடுத்த கதையல்லவா இது?

தயிரும் பழைய சோறும் சாப்பிட வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. உணவை உணவென்று சாப்பிடுங்கள், மருந்தென்று ஏமாறாதீர்கள் என்றுதான் சொல்லுகின்றோம். கொங்கு நாட்டுக் கம்பு, சோளம், ராகி, அரிசி எதிலும் குளூட்டன் கிடையாது. ரவையிலும், சேமியாவிலும், மைதா கலந்த கூட்டுப் பெருங்காயத்திலும் அது உண்டு. அரிப்பு விடாதவர்கள் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் வைத்தியரிடம் போகட்டும். டப்பாவுக்குக் கொடுக்கும் காசு, களிக்கு மாவு வாங்க உதவும்.