காதால் காணும் கதை

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் கொமுட்டர் ரயில் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பெட்டாலிங் என நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்கின்றன. பயணிகளுள் பலர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கைப்பேசித் திரையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கின்றனர். பந்தாய் டாலாமை அடுத்து அங்காசாபுரி நிலையம் வருகிறது. மலேசிய வானொலி, தொலைக்காட்சி நிலையத்தின் தலைமையகம் அமைந்திருக்கும் இடம் அது. அதைக் கடந்து சிறிது தொலைவில் கே.எல். சென்ட்ரல். அங்கு இறங்கி வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ்.

இந்த ஒரு மணி நேரத்தில் ஒரு முழுச் சிறுகதையை நாடகமாகக் கேட்டு முடித்துவிடலாம். தமிழில் அப்படிக் கேட்கத்தக்க கதைகள் ஏராளமாக உள்ளன. அவற்றுள் திகில் கதைகளும் விந்தைக் கதைகளும் ஒலிநாடகத்திற்கு மிகவும் பொருந்துவன. அவற்றை ஒலிநாடகமாக்கும் பணியை இடைநிலைப்பள்ளி மாணவர்களே ஏற்க வேண்டும். அதனால் அவர்களின் தமிழும் வளரும். கதைகளும் புதிய தலைமுறையைச் சென்றடையும்.

ஒலிநாடகம் இந்நாட்டுத் தமிழர்களுக்குப் புதியதன்று. 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி தொடங்கப்பட்டது. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் அது ஒலிபரப்பியது. அந்தத் தமிழ்ப் பிரிவின் வழி வந்ததே இன்றைய மின்னல் பண்பலை. தொலைக்காட்சி பரவாத காலத்தில் தோட்ட மக்களுக்கு வானொலிப் பெட்டியே நாடக மேடையாக இருந்தது. வானொலி உள்ள வீட்டின் முன் அண்டை வீட்டாரும் கூடி அமர்ந்து நாடகம் கேட்டனர். மலேசிய எழுத்தாளர்கள் பலர் வானொலிக்காகவே நாடகங்கள் எழுதினர். ஆகவே, மாணவர்கள் ஒலிநாடகம் படைக்க முற்படுவது, தாத்தாவும் பாட்டியும் அறிந்திருந்த ஒரு கலையைத் தொடர்வதே ஆகும்.

திகில் கதைக்கும் ஒலிக்கும் என்ன உறவு? ஒலிநாடகம் கேட்பவர் எதையும் பார்ப்பதில்லை. இருட்டில் இருப்பவரின் நிலையும் அதுதான். 1924ஆம் ஆண்டு சனவரியில் பிபிசி வானொலி ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய ஒரு நாடகத்தை ஒலிபரப்பியது. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. அதன் கதை ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நடக்கிறது. விளக்குகள் அணைந்துவிட, உள்ளே சென்றவர்கள் இருளில் சிக்கிக்கொள்கின்றனர். பாத்திரங்களாலும் பார்க்க முடியாது. கேட்போராலும் பார்க்க முடியாது. இருவரும் ஒரே இருளில் நிற்கின்றனர். ஒலியின் குறையையே அந்நாடகம் வலிமையாக மாற்றிக்கொண்டது.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குரங்கின் கை’ என்ற சிறுகதை இதை இன்னும் நன்றாக விளக்கும். இந்தியாவிலிருந்து திரும்பிய படைவீரர் ஒருவர் உலர்ந்த குரங்குக் கை ஒன்றைக் கொண்டு வருகிறார். அது மூன்று வேண்டுதல்களை நிறைவேற்றும் என்பது நம்பிக்கை. ஒரு முதிய தம்பதியர் அதனிடம் பணம் கேட்கின்றனர். பணம் வருகிறது, ஆனால், அவர்களின் மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறந்ததற்கான இழப்பீடாக வருகிறது. துயரம் தாங்காத தாய், மகன் திரும்பி வர வேண்டும் என்று கணவரை வேண்டச் செய்கிறார். அன்றிரவு வாசற்கதவு தட்டப்படுகிறது. தாய் கதவைத் திறப்பதற்குள் தந்தை மூன்றாவது வேண்டுதலைச் சொல்லிவிடுகிறார். கதவு திறந்தபோது வெளியே ஆளில்லாத தெருதான் இருக்கிறது.

கதவுக்கு அப்பால் நின்றது யார்? கதை அதைக் காட்டுவதில்லை. திரைப்படம் எடுப்பவர், கதவை எந்தக் கோணத்தில் காட்டுவது, எதை மறைப்பது என்று தடுமாற வேண்டியிருக்கும். ஒலிநாடகத்திற்கு அந்தச் சிக்கலே இல்லை. மெல்ல ஒரு தட்டல், சிறிது அமைதி, பிறகு பலத்த தட்டல் ஆகியவையே போதும். மிகுதியைக் கேட்பவரின் மனமே வரைந்துகொள்ளும். ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் அச்சம் தரும் உருவத்தையே வரைவர். இதனை விலையுயர்ந்த படக்கருவி எதுவும் செய்துவிட முடியாது.

தமிழிலும் இத்தகைய கதைகள் உள்ளன. புதுமைப்பித்தன் (1906–1948) எழுதிய ‘காஞ்சனை’ அவற்றுள் ஒன்று. தூக்கம் வராத ஓர் எழுத்தாளர் தம் வீட்டில் நடந்தவற்றைத் தாமே சொல்கிறார். நள்ளிரவில் இனம்புரியாத வாசனை எழுகிறது. வேலைக்கு வந்து சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றிய ஐயம் வளர்கிறது. நடந்தது உண்மையா, மனமயக்கமா என்பதைக் கதை தீர்த்துச் சொல்வதில்லை. கதையைச் சொல்பவரே ஒரு பாத்திரமாக இருப்பதால், அவருடைய குரல் நேராகக் கேட்பவரின் காதருகே பேசும். ஆனால், வாசனையை எவ்வாறு ஒலியாக்குவது? மூச்சை இழுக்கும் ஓசை, பேச்சு பாதியில் நிற்பது, குரலில் தோன்றும் சிறு நடுக்கம் ஆகியவற்றால்தான் அதை உணர்த்த இயலும். இதைச் சிந்திக்கும் மாணவர்கள், கதையை ஒருமுறை படித்துவிட்டு வினாக்களுக்கு விடை எழுதுவோரைக் காட்டிலும் ஆழமாகக் கதைக்குள் செல்வர்.

அதே எழுத்தாளரின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ அச்சமூட்டும் கதையன்று. நகைச்சுவை நிறைந்த விந்தைக் கதை. கடவுள் சென்னைக்கு வருகிறார். கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி அருந்துகிறார். அவர் வீட்டில் விருந்தினராகத் தங்குகிறார். கதையின் பெரும்பகுதி உரையாடலே. உரையாடல் மிகுந்த கதையை நாடகமாக்குவது எளிது. முதல் முயற்சிக்கு இத்தகைய கதையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒலிநாடகத்திற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. வானொலிக் கலைஞர்கள் தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டிக் குதிரையின் குளம்பொலியை உண்டாக்கினர். தகரத் தகட்டை அசைத்து இடியோசையை எழுப்பினர். கண்ணாடித்தாளைக் கசக்கினால் தீ எரியும் ஓசை கிடைக்கும். தட்டில் அரிசியை மெல்லச் சொரிந்தால் மழை பெய்வது போலிருக்கும். இவை அனைத்தும் வீட்டுச் சமையலறையிலேயே உள்ளன. ஒலிப்பதிவுக்கு ஒரு கைப்பேசி போதும். எதிரொலி குறைந்த சிறிய அறை இருந்தால் நன்று. எல்லாவற்றிலும் கடினமானது அமைதியைக் கையாள்வதுதான். எங்கே ஓசை வேண்டும் என்பதைப் போலவே எங்கே ஓசை கூடாது என்பதையும் இயக்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

இம்முயற்சியால் தமிழ்மொழிக்கு விளையும் பயனே முதன்மையானது. மேடை நாடகத்தில் உடையும் முகபாவனையும் நடிகருக்குத் துணை நிற்கும். ஒலிநாடகத்தில் சொல் ஒன்றே துணை. ‘வலி’, ‘வளி’, ‘வழி’ ஆகிய மூன்றையும் ஒன்றுபோல் ஒலித்தால் கேட்பவருக்குப் பொருள் குழம்பும். ‘அவன் வழியில் நின்றான்’ என்பது ‘அவன் வலியில் நின்றான்’ என்றாகிவிடும். பிழையாக ஒலித்த மாணவர் தம் குரலைத் தாமே கேட்கும்போது, பிறர் சுட்டிக்காட்டாமலே திருத்திக்கொள்வார். மேலும், கதைசொல்லியின் பகுதி எழுத்துத் தமிழிலும் பாத்திரங்களின் பேச்சு வழக்குத் தமிழிலும் அமைவதால், எந்த இடத்திற்கு எந்த நடை பொருந்தும் என்ற தெளிவும் பிறக்கும். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வாழும் மாணவர்களுள் சிலர் வகுப்பறைக்கு வெளியே தமிழ் பேசும் வாய்ப்புக் குறைந்தவர்கள். அவர்களுக்கு ஒத்திகையே பேச்சுப் பயிற்சியாக அமையும்.

இதன் பயன் பள்ளியோடு நின்றுவிடாது. 1951ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இயங்கி வருகிறது. பார்வையற்றோர் பலர் வசிப்பதும் பணிபுரிவதும் இவ்வட்டாரத்தில்தான். காலால் உணர்ந்து வழியறிவதற்காகப் புடைப்புக் கோடுகள் கொண்ட மஞ்சள் கற்கள் இங்குள்ள நடைபாதைகளில் பதிக்கப்பட்டுள்ளன. நடப்பதற்குப் பாதை அமைத்த சமூகம், கதைக்குள் செல்வதற்கும் பாதை அமைத்துத்தர வேண்டாமா? திரைப்படத்தில் காட்சி ஓடும் இடங்கள் பார்வையற்றவருக்கு வெறும் இசையாகவே எட்டும். ஒலிநாடகத்திலோ பார்வையுள்ளவரும் பார்வையற்றவரும் சமம். இருவருக்கும் கிடைப்பது ஒரே நாடகம். மாணவர்கள் தாங்கள் படைத்த நாடகத்தைப் பார்வையற்ற தமிழர்களிடம் கொண்டுசென்று கருத்துக் கேட்கலாம். யார் பேசுகிறார், எங்கு நிற்கிறார் என்பது எந்த இடத்தில் விளங்கவில்லை என அவர்கள் துல்லியமாகக் கூறுவர்.

இதற்கு மறுப்புகளும் உண்டு. பேய்க்கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்று சில பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. பேய் உண்டு என்று நம்பவைப்பதற்காகவே சொல்லப்படும் கதைகளும் உள்ளன. எனினும், நல்ல திகில் கதையின் நோக்கம் அதுவன்று. ‘குரங்கின் கை’ பேராசையையும் பிரிவுத் துயரத்தையும் பேசுகிறது. ‘காஞ்சனை’ மனத்தின் ஐயங்களைப் பேசுகிறது. அச்சத்தை உண்டாக்கும் ஓசை ஒரு தகரத் தகட்டிலிருந்து வந்தது என்று அறிந்த மாணவர், இரவில் கேட்கும் ஓசைகளுக்கும் காரணம் தேடுவார். கதையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்போரின் வயதைக் கருத்திற்கொண்டு ஆசிரியர் வழிகாட்டினால் போதும்.

கேட்கும் பழக்கம் வாசிப்பைக் குறைத்துவிடும் என்பது மற்றொரு மறுப்பு. கேட்டதோடு நிறுத்திக்கொள்பவர் சிலர் இருக்கத்தான் செய்வர். ஆனால், ஒலிநாடகத்தை உருவாக்குபவர் அவ்வாறு நிறுத்திக்கொள்ள இயலாது. எந்த வரியை விடுவது, எந்த விவரிப்பை உரையாடலாக்குவது என்று முடிவு செய்ய மூலக்கதையைப் பலமுறை படித்தாக வேண்டும். கேட்பவர்களையும் மூலக்கதையிடம் அழைத்துச் செல்ல வழியுண்டு. நாடகத்தின் இறுதியில் கதையின் பெயரையும் எழுத்தாளரின் பெயரையும் தெளிவாக அறிவிக்க வேண்டும். விரும்பியவர் நூலைத் தேடிச் செல்வார்.

ஒலியின் ஆற்றல் தவறாகப் பயன்படலாம் என்ற மூன்றாவது மறுப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1938ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் குழுவினர், எச். ஜி. வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ என்ற நாவலை வானொலி நாடகமாக வழங்கினர். செவ்வாய்க் கிரகத்தினர் பூமியைத் தாக்கும் கதை செய்தி அறிக்கை போலவே ஒலித்தது. இடையில் கேட்கத் தொடங்கிய சிலர் அதை உண்மையென நம்பி அஞ்சினர். நாடே பீதியில் ஓடியது போல் செய்தித்தாள்கள் அதை மிகைப்படுத்தியும் எழுதின. இன்று புலனத்தில் பரவும் குரல்பதிவுகளைச் சரிபார்க்காமல் பகிர்வோர் பலர். ஒரு பொய்யான அறிவிப்பை எவ்வளவு எளிதாக உண்மைபோல் ஒலிக்கச் செய்யலாம் என்பதைத் தாமே செய்து பார்த்த மாணவர், அத்தகைய பதிவு வந்தால் உடனே நம்பிவிடமாட்டார். நாடகத்தின் தொடக்கத்திலேயே ‘இது கற்பனைக் கதை’ என்று அறிவிப்பது படைப்பவரின் கடமை.

உரிமை பற்றிய தெளிவும் இன்றியமையாதது. மலேசியச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரை அவருடைய படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. புதுமைப்பித்தனின் கதைகளும் ஜேக்கப்ஸின் கதையும் அக்காலத்தைக் கடந்துவிட்டன. அண்மையில் வாழ்ந்த எழுத்தாளரின் கதையாயின், உரியவரிடம் அனுமதி பெற வேண்டும். பழைய கதை என்பதால் விருப்பம்போல் முடிவை மாற்றுவதும் முறையன்று. சுருக்கலாம், சிதைக்கக்கூடாது.

பிறர் எழுதிய கதைகளில் பழகிய பிறகு, மாணவர்கள் தங்கள் வீட்டுக் கதைகளுக்குத் திரும்பலாம். கிள்ளான் வட்டாரத்தில் இன்று அடுக்குமாடி வீடுகளில் வாழும் பல குடும்பங்கள் ஒருகாலத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இருந்தவை. விடியுமுன் பால்மரக் காட்டுக்குள் விளக்கோடு நடந்தது, எல்லைக் காவல் தெய்வத்தின் குதிரைக் குளம்போசை கேட்டது என்றெல்லாம் முதியவர்கள் சொல்லும் கதைகள் இன்னும் பெரும்பாலும் எழுதப்படாதவை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. கதை சொல்வோரும் குறைந்து வருகின்றனர். பாட்டியின் குரலைப் பதிவு செய்து, அதையே நாடகத்தின் தொடக்கமாக வைத்தால், அக்குரலும் நிலைக்கும், கதையும் நிலைக்கும்.

இதற்கு ஒவ்வொரு பள்ளியின் தமிழ்மொழிக் கழகமும் ஆண்டுக்கு ஒரு கதையை எடுத்துக்கொண்டால் போதும். ஐந்தாறு மாணவர்கள், பதினைந்து நிமிட நாடகம், ஒரு கைப்பேசி, ஒரு சிரட்டை. கிள்ளானில் பதிவான நாடகத்தைப் பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் கேட்பார். நாளை ரயிலில் இயர்போனோடு அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவரின் காதில் கதவு தட்டப்படும் ஓசை தமிழில் தொடங்கும். அங்காசாபுரி நிலையம் கடந்து போவதற்குள் அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்திருப்பார்.